பார்க்காமல் எழுதிய ‘இல்லை’

அண்ணே,

போன செவ்வாய்க்கிழமை காலையில் போர்ட் பிளேயர் ஷாதிபூரில் இருக்கும் என் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். சுகாதாரத் துறையில் வேலை பார்ப்பவள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு சின்ன டார்ச். தெருவில் பெரியவர்கள் எல்லோருடைய வாயையும் பார்த்து எழுத வேண்டுமாம். தெலுங்குக் குடும்பத்துப் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். “தாதாஜி, முஹ் கோலியே” என்றாள். நான் அசையாமல் இருந்ததைப் பார்த்துக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு, தமிழில் சத்தமாக, “வாயத் தொறங்க தாத்தா” என்றாள். திறந்தேன். கன்னத்தின் உள்பக்கம், நாக்குக்கு அடியில், ஈறு ஓரம் என்று ஒவ்வோர் இடமாக வெளிச்சம் காட்டிப் பார்த்தாள். கழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்கு ஓர் அவசரமும் இல்லை. கடைசியில், “குச் நஹீ ஹை, சாஃப் ஹை” என்று சொல்லி எழுதிக்கொண்டு போனாள்.

எண்பத்திரண்டு வயதில் என் வாய் சுத்தமாக இருக்கிறது. அவள் போன பிறகு வெகுநேரம் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மருமகள் வந்து, “என்ன மாமா, ஏதாச்சும் சொல்லிட்டாளா?” என்று பயந்து கேட்டாள். ஒன்றும் இல்லை என்று தலையாட்டினேன். அவளிடம் எப்படிச் சொல்வேன், இதே வேலையை ஒரு காலத்தில் எனக்குக் கொடுத்திருந்தார்கள் என்று? நான் அதைச் செய்யாமல் விட்ட நாளில் நீங்கள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள் என்று?

அறுபதுகளின் பின்பாதி. நடு அந்தமானில், ரங்கத்துக்கு அப்பால், கடல் உள்புகுந்த ஓடைக்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு மலேரியா வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை குடியேற்றக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், காய்ச்சல் உண்டா என்று கேட்டு, விரல் நுனியைக் குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுக்க வேண்டும். ரோடு என்று சொல்ல அப்போது பெரிதாக ஒன்றும் கிடையாது. கிராமத்துக்குக் கிராமம் லாஞ்சு என்கிற மோட்டார் படகில்தான் போக வேண்டும். அந்த அரசு லாஞ்சை ஓட்டிய சராங்கு நீங்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். சுக்கானுக்கு மேலே பனிமயமாதா படம், சுக்கானுக்குக் கீழே வெற்றிலைப் பெட்டி. நான் சிவகங்கைச் சீமையிலிருந்து கடலையே பார்க்காமல் வந்தவன். முதல் பயணத்தில் நான் வாந்தி எடுத்தபோது, “கரையப் பாக்காதீரும் தம்பி, கரைதான் ஆடும். கடலப் பாரும்” என்றீர்கள். அன்றிலிருந்து நீங்கள் எனக்கு அண்ணன், உங்கள் வீட்டம்மா எனக்கு மைனி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் உங்கள் வீட்டில் எனக்கும் ஒரு தட்டு இருக்கும்.

வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலையை இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டால்தான் உங்களுக்கு லாஞ்சு நேராக ஓடும். எனக்கும் நீங்கள்தான் பழக்கிவிட்டீர்கள். எனக்குத் தலை சுற்றியதால் சீக்கிரமே விட்டுவிட்டேன். நீங்கள் விடவில்லை. பதினாலு வயதில் தோணியேறிய நாளிலிருந்து போடுவதாகச் சொல்வீர்கள்.

அந்த வருஷம் குமாஸ்தா லீவில் மெயின்லேண்டு போனதால், ஆஸ்பத்திரியின் ஆண்டறிக்கையை எழுதும் வேலை என்னிடம் வந்தது. புற்றுநோய் என்ற கட்டத்தில் போட ஒன்றுமில்லை. முந்தின வருஷங்களிலும் ஒன்றுமில்லை. எனக்கு அது பெருமையாக இருந்தது. ‘இத்தீவின் தூய காற்றும் குடியேறியவர்களின் உழைப்புமே இதற்குக் காரணம்’ என்று கீழே ஒரு வரி சேர்த்து எழுதினேன். புதிதாக வந்திருந்த டாக்டர் அதைப் படித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். மலையாளி. தமிழை இழுத்து இழுத்துப் பேசுவார்.

“உன்னோட கிராமங்கள்ல அறுவது வயசு தாண்டினவங்க எத்தன பேருண்டு? எண்ணிச் சொல்லு.”

எண்ணினேன். என் இரண்டு கை விரல்களுக்கு மேல் போகவில்லை.

“காடு வெட்டறதுக்குக் கிழவனையா கப்பல் ஏத்துவாங்க? இங்க வந்தவங்க எல்லாம் வாலிபம். புற்று ஒரே நாள்ல வர்ற காய்ச்சல் இல்ல. உடம்புக்குள்ள ஒரு உயிரணு கெட்டுப்போக ஒரு அடி போதாது. ஒரு அடி விழும், பல வருஷம் சும்மா இருக்கும். அப்புறம் இன்னொரு அடி. அப்புறம் இன்னொண்ணு. எல்லா அடியும் விழுந்து முடியறதுக்குள்ள மனுஷனுக்கு வயசாயிடும். அதனாலதான் கிழவங்க நிறைய இருக்கிற ஊர்ல இது நிறைய. இங்க இப்ப கம்மி. இருபது வருஷம் கழிச்சு இதே ஆளுங்க கிழவங்களானதும் எண்ணிப் பாரு. அப்ப நீ காத்தையும் தண்ணியையும் குறை சொல்லுவே.”

“இன்னொண்ணு. முடியாமப் போனவங்க என்ன செய்யறாங்க?” என்று கேட்டார்.

“கப்பலேறி ஊருக்குப் போறாங்க சார்.”

“போனவங்க யாரு கணக்குல வருவாங்க? உன் கட்டம் காலி. அவ்வளவுதானே?”

பிறகு ஒரு காகிதத்தில் வாயை வரைந்து காட்டினார். புகையிலை அடக்குகிற இடத்தில் முதலில் வெள்ளைத் திட்டு வரும். வலிக்காது. காரம் பட்டால் எரியும், அவ்வளவுதான். பிறகு அது தடிக்கும், சிவக்கும். பிறகு ஆறாத புண். கடைசியில் கழுத்தில் கட்டி. “எல்லா வெள்ளையும் புற்றாகாது. எது ஆகும்னு அதுல எழுதி ஒட்டியிருக்காது. அதனால எல்லா வாயையும் பாக்கணும். வெள்ளையில பிடிச்சாப் புகையிலைய நிறுத்தலாம், ஆளக் காப்பாத்தலாம். கழுத்துல பிடிச்சாக் கப்பல்தான்” என்றார். என் மலேரியா சுற்றோடு சேர்த்து இதையும் செய்யச் சொல்லி, ஒரு டார்ச்சும் புது நோட்டும் கொடுத்தார். பெயர், வயது, புகையிலை உண்டா, வாயில் என்ன பார்த்தாய். நான்கே கட்டங்கள்.

அண்ணே, நான் புரியாதவன் இல்லை. அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்குப் புரிந்தது. அதை உங்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முதல் கிராமத்தில் ஒழுங்காகத்தான் தொடங்கினேன். ரத்தம் எடுக்க விரல் நீட்டியவர்கள் வாயைத் திறக்கச் சொன்னால் சிரித்தார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு வங்காளக் கிழவர், “நான் என்ன விலைக்கு வந்த மாடா?” என்று ஹிந்தியில் திட்டினார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வரப்பெல்லாம் அட்டை. என் கால்விரல் இடுக்குகள் சேற்றுப்புண்ணால் வெந்து கிடந்தன. மூன்றாவது நாள் லாஞ்சு ஓடை முகத்தில் நின்றது. கரையில் இறங்கி நாலு கிராமம் நடக்க வேண்டும். நான் இறங்கவில்லை. மலேரியா ரிஜிஸ்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்த பெயர்களைப் புது நோட்டில் எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ‘இல்லை’.

நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நோட்டில் சாரல் அடித்ததும் தார்ப்பாயை இழுத்து என் தலைக்கு மேல் பிடித்தீர்கள்.

“இறங்கலியா தம்பி?”

“இந்த மழையில யாரு வாயத் தொறப்பாங்கண்ணே? இந்த ஊர்ல எல்லாம் நோயே கிடையாது. டாக்டருக்குப் பேப்பர் வேணும், அவ்வளவுதான்.”

நீங்கள் சிரித்தீர்கள். ரிஜிஸ்டரில் அழிந்துபோயிருந்த இரண்டு மூன்று பெயர்களை நீங்கள்தான் நினைவுபடுத்திச் சொன்னீர்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக் குடியிருப்புப் பக்கம் வந்தது. அதில் உங்கள் பெயர். எழுதிவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டேன், “அண்ணே, உங்க வாயில ஒண்ணும் இல்லியே?”

“ஒண்ணுமில்ல. காரம் பட்டாத்தான் எரியுது. உம்ம மைனி மீன்கொழம்புல மிளகாயக் கொறைக்க மாட்டேங்கா.”

காரம் பட்டால் எரியும். டாக்டர் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. டார்ச் என் பைக்குள் இருந்தது. நீங்கள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தீர்கள். நான் ஒருகணம் பேனாவை நிறுத்தினேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நிறுத்தியது எதற்காக என்றும் தெரியும். உங்கள் ஒருவரைப் பார்த்தால், பார்க்காத மற்றவர்கள் எல்லோரும் என் எதிரில் வந்து நிற்பார்கள். ‘இல்லை’ என்று எழுதி நோட்டை மூடினேன். பிறகு இரண்டு பேரும் மைனி கட்டிக் கொடுத்திருந்த சோற்றைச் சாப்பிட்டோம். நீங்கள் வலது பக்கமாகவே மென்றீர்கள்.

அதற்குப் பின் ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. ஒருநாள் காலை வெளிநோயாளிகள் வரிசையில் நீங்கள் நின்றிருந்தீர்கள். உங்களை அந்த வரிசையில் நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. வாயை முழுதாகத் திறக்க உங்களால் முடியவில்லை. டாக்டர் வெளிச்சம் காட்டிப் பார்த்தார். கழுத்தைத் தொட்டார். தொட்ட கையை எடுக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்து, “அந்த நோட்டு” என்றார்.

கொண்டுவந்து கொடுத்தேன். உங்கள் பெயர் இருந்த பக்கத்தை எடுத்து வாசித்தார்.

“இது இப்ப வந்ததில்ல. போன மழையில இங்க வெள்ளை இருந்திருக்கணும். நீ பார்த்தியா?”

நீங்கள்தான் பேசினீர்கள். பேசவே சிரமப்பட்ட அந்த வாயால், “அவர் பாத்தாரு சார். நாந்தான் சரியாத் தொறக்கல. புகையில அடக்கியிருந்தேன்” என்றீர்கள்.

டாக்டர் உங்களையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். நோட்டை மூடி மேசையில் வைத்தார். அன்று மாலை என்னைத் தனியாக அழைத்து, “சத்தியமாச் சொல்லு, இதுல எத்தன பேரப் பார்த்தே?” என்று கேட்டார்.

“எல்லாரையும் சார்” என்றேன்.

கப்பல் வர பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதுவரை தினமும் உங்கள் வீட்டுக்கு வந்தேன். கஞ்சியை மைனி துணியில் வடிகட்டிக் கொடுப்பார்கள். பிள்ளைகள் இரண்டும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று வருவேன். நீங்கள் முந்திக்கொண்டு என்ஜினைப் பற்றிப் பேசுவீர்கள், புதிதாக வரப்போகும் சராங்குக்கு அந்த ஓடைமுகத்து மணல்திட்டைக் காட்டிக் கொடுக்கச் சொல்வீர்கள். என்னைப் பேசவிடக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தீர்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அது வசதியாக இருந்தது. போர்ட் பிளேயர் துறைமுகத்தில் மைனிக்கும் பிள்ளைகளுக்கும் பின்னால் ஏணியில் ஏறும்போது துண்டால் வாயை மூடியபடி என் தோளைத் தட்டினீர்கள். “பிள்ளைக திரும்பி வந்தா அப்பப்ப பாத்துக்கிடும்” என்றீர்களே, அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

நீங்கள் போன மறுவாரம் யாரும் சொல்லாமலே நான் கிராமங்களுக்கு இறங்கினேன். இந்தமுறை எல்லா வாயையும் பார்த்தேன். திட்டினவர்களிடம் கெஞ்சினேன். பெண்களைப் பார்க்க ஆஸ்பத்திரி நர்ஸம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். வெள்ளைத் திட்டுகள் இருந்தன அண்ணே. நான் ‘இல்லை’ என்று எழுதிய பெயர்களிலேயே இருந்தன. நெல் குத்திக்கொண்டிருந்த ஒரு வங்காளத்து அம்மா, சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார். நாக்கோரத்தில் சுண்ணாம்பு தடவியது போல ஒரு திட்டு. புகையிலையை நிறுத்தச் சொல்லி நான் அவர் எதிரில் அழுததைப் பார்த்து அந்த அம்மாள் பயந்தே போனார். “க்யா ஹுவா பாய்? மர் ஜாவூங்கி க்யா?” என்று கேட்டார். செத்துப்போய்விடுவேனா என்று. நிறுத்திவிட்டார். திட்டு மெல்ல மங்கியது. பேரன் பேத்தி எடுத்து வெகுகாலம் இருந்தார். அவரை வழியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் நினைவு வரும். நான் ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும் என்பதற்கு அவர் நடமாடும் சாட்சி.

அந்த இரண்டாவது நோட்டை டாக்டரிடம் கொடுத்தேன். அவர் அதை மேலே அனுப்பிவைத்தார். மேலிடத்திலிருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதையும் வாங்கிக்கொண்டேன்.

மெட்ராஸில் கதிர்க் கரண்டு வைத்துப் பார்த்தார்கள், நோய் கேட்கவில்லை, ஊருக்குக் கொண்டு வந்துவிட்டோம், மாதா திருவிழாவுக்கு முந்தின நாள் அடக்கம் செய்தோம் என்று மைனியின் தம்பி ஒரு கார்டு போட்டிருந்தார். அதற்குள் டாக்டருக்கு மாற்றலாகியிருந்தது. குமாஸ்தா மறுபடி லீவு. ஆண்டறிக்கை மறுபடி என் மேசையில். புற்றுநோயால் இங்கு இறந்தவர்கள் என்ற கட்டம். நீங்கள் இங்கு இறக்கவில்லை. அதனால் விதிப்படி அந்தக் கட்டத்தில் உங்களுக்கு இடமில்லை. சிறு குறிப்பாகவாவது கீழே எழுதியிருக்கலாம். காற்றையும் உழைப்பையும் புகழ்ந்து ஒரு வரி சேர்த்தவனுக்கு இதற்கு ஒரு வரி சேர்க்கத் தெரியாதா? எழுதினால், யார், எப்போது பார்த்தீர்கள் என்று கேள்வி வரும். பூஜ்யம் போட்டு அனுப்பினேன்.

மைனி பிள்ளைகளோடு திரும்பி வந்தார்கள். உங்கள் வேலைக்குப் பதிலாக அதே ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்தது. எத்தனையோ வருஷம் ஒரே வராந்தாவில் நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். என்னை எப்போதும் “தம்பி, சாப்பிட்டாச்சா?” என்று கேட்பார்கள். உங்கள் மகள்கள் கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். நான் நின்றேன்.

ஓய்வு பெற்று ஷாதிபூருக்கு வந்த பிறகு ஒருநாள் டீக்கடையில் பேச்சு நடந்தது. வாராவாரம் யாராவது ஒருவர் கேன்சர் என்று கப்பலோ விமானமோ ஏறுகிற காலம் வந்துவிட்டது. டாக்டர் சொன்ன இருபது வருஷம் எப்போதோ கடந்திருந்தது. காடு வெட்டிய வாலிபர்கள் எல்லோரும் கிழவர்களாகியிருந்தோம். ஒருவர், “மெயின்லேண்டு காய்கறியில மருந்தடிக்கிறான், அதான்” என்றார். இன்னொருவர், “முன்னெல்லாம் இந்தத் தீவுல கேன்சரே கிடையாதுங்க. பழைய ரெக்கார்டப் பாருங்க, ஒரு கேஸ்கூட இருக்காது” என்று அடித்துச் சொன்னார்.

“அது பொய் ரெக்கார்டு” என்றேன். கடையில் எல்லோரும் திரும்பினார்கள். “நாந்தான் எழுதினேன். நோய் அப்பவே தொடங்கியாச்சு. பாக்க வேண்டியவன் பாக்கல.” கிழவன் ஏதோ உளறுகிறான் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் வெளியே ஒருமுறை வந்த சொல் என்னை வீட்டில் இருக்க விடவில்லை. மறுநாள் காலை வண்டூர் பஸ்ஸில் ஏறினேன். மைனி அப்போது அங்கே சின்ன மகள் வீட்டில் இருந்தார்கள்.

வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மழை, லாஞ்சு, நோட்டு, எரிகிறது என்று நீங்கள் சொன்னது, நான் எழுதியது, டாக்டரிடம் சொன்ன பொய். மைனி கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டார்கள்.

“எனக்குத் தெரியும் தம்பி.”

“எப்படி மைனி?”

“கப்பல்லயே சொல்லிட்டாக. நாலு நாள் கடல்ல வேற என்ன பேச? நான் உங்களச் சபிச்சேன். அதுக்கு அவுக, ‘அவன் மட்டுமா செஞ்சான்? பக்கத்துல இருந்து பேரு எடுத்துக் கொடுத்தவன் நான். சிரிச்சவன் நான். பாதி என்மேல. அவன ஒண்ணும் கேக்காத’ன்னாக. சத்தியம் வாங்கிட்டாக.”

“இத்தன வருஷமா ஒரு வார்த்தகூட...”

“கேட்டிருந்தா நீங்க வீட்டுப்பக்கம் வருவீங்களா? பிள்ளைகளுக்கு வேற யாரு இருந்தா?” என்றார்கள். மீன் சட்டியை மூடிக்கொண்டே, “சபிச்சத மட்டும் நான் இன்னும் பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட சொல்லல” என்றார்கள். அதன்பின் மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். மன்னித்தேன் என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர்களும் இப்போது உங்களிடம் வந்துவிட்டார்கள்.

அண்ணே, இதற்காகத்தான் இந்தக் கடிதம். நீங்கள் மைனியிடம் சொன்னது தப்பு. வெள்ளைத் திட்டு என்றால் என்ன, எரிந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்கவில்லை. என்னிடம் சொல்லியிருந்தார்கள், படம் வரைந்து சொல்லியிருந்தார்கள். நீங்கள் மழையில் நனைந்த ஒரு நண்பனுக்கு உதவினீர்கள். நான் தெரிந்து எழுதினேன். அதில் பாதி என்று ஒன்று கிடையாது. முழுவதும் என்னுடையது. அதை உங்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள்
தம்பி